தாம்பாளத்தில் ஆறு

ஆறு. ரத்தினபாய் மறுபடியும் எண்ணினாள். ஆறுதான். பெண்கள் பக்கத்து ஐந்தாவது பெஞ்சில், நடைபாதையை ஒட்டி, முப்பத்தெட்டு வருசமாக அவள் உட்கார்ந்து வருகிற இடத்திலிருந்து பார்த்தால் திருவிருந்து மேசைக்குக் கீழே இருக்கிற காணிக்கை முக்காலி நன்றாகத் தெரியும். முக்காலி மேல் பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில், அவள் கையால் வெட்டி, மடித்து, மைதாப் பசை தடவி, ஓரம் பிசகாமல் ஒட்டின அட்டை உருவங்கள். அஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் ஆறு. அந்த ஆறாவதைப் போய் எதற்கு வைத்தான் இவன்? கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வைத்தான்? ஆண்கள் பக்கத்து முன்பெஞ்சில் கமிட்டிக்காரர்களோடு அவளுடைய மகன் கிருபாகரன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். போன மாசம் சென்னையில் மேடையேறி நல்லாசிரியர் விருது வாங்கினவன். அதற்கு நன்றி செலுத்தத்தான் இன்றைக்கு இந்தத் தாம்பாளம். ரத்தினபாய் கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரே, இந்தக் கோபத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும். மூடின கண்ணுக்குள்ளேயும் ஆறும் வரிசையாக நின்றன. சரி, இப்போதே எடுக்க வேண்டாம், இன்னும் கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கே பயமாக இருந்தது. மாசத்தின் முதல் ஞாயிறு. பிரசங்கம் முடிந்தால் சமாதானம் கொடுப்பார்கள், அது முடிந்தால் திருவிருந்து. மனசில் ஒருத்தர்மேல் கசப்பை வைத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போகக்கூடாது. இந்த ஊரில் கசப்பு உள்ளவர்கள் போவதில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். யார் உட்கார்ந்தது என்று சபை முழுக்கப் பார்க்கும். வரப்புத் தகராறில் ஒன்பது வருசமாக எழும்பாத அண்ணன் தம்பி இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எத்தனை தடவை உச்சுக்கொட்டியிருப்பாள். பெத்த மகன்மேல் கசப்பு என்று உட்கார்ந்த தாய் யாராவது உண்டா? அவளுக்கு நினைவில் இல்லை.

குருவானவர் கையை உயர்த்தி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். மின்விசிறி கடகடவென்று அவருடைய பாதி வார்த்தைகளைத் தின்றது. 'கண்ணுக்குத் தெரியாத வேலை' என்று மட்டும் காதில் விழுந்தது, உடனே கோபம் மறுபடியும் நெஞ்சில் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத வேலையாம். யாருக்குத் தெரியாது? இருபத்தேழு வருசம் லாலாக்கடைக்கு அல்வாப் பெட்டி மடித்தவள் அவள். கட்டிலுக்குக் கீழே அட்டை, அடுப்படியில் அட்டை, பிள்ளைகள் படுக்கிற பாய்க்குத் தலைமாட்டில் அட்டை. தட்டையாய் வருகிற அட்டையில் எங்கே மடிப்புக்கோடு கீற வேண்டும், எந்த நாக்கை எந்தப் பக்கம் ஒட்டினால் பெட்டி நிமிர்ந்து நிற்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். மூளைக்குத் தெரிவதற்கு முந்தியே விரலுக்குத் தெரிந்துவிடும். கிருபாகரன் வாத்தியார் படிப்புப் படித்தபோது, பரீட்சைக்கு அட்டையில் அஞ்சு உருவம் செய்து கொண்டுவரச் சொன்னார்கள் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். எல்லா முகமும் ஒரே அளவாக, எல்லா ஓரமும் ஒரே நீளமாக இருக்க வேண்டுமாம். "எனக்குக் கத்திரிக்கோலே பிடிக்கத் தெரியாதும்மா." கொண்டா இங்கே என்று வாங்கினாள். புத்தகத்துப் படத்தைப் பார்த்து அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அஞ்சையும் நிறுத்திவிட்டாள். நாலு முக்கோணத்தில் ஒன்று, அதற்கு அவள் வைத்த பேர் பொட்டலம். ஆறு சதுரத்தில் ஒன்று, அதுதான் பெட்டியாயிற்றே. எட்டு முக்கோணத்தில் பம்பரம். இருபது முக்கோணத்தில் நெல்லிக்காய். பன்னிரண்டு ஐங்கோணத்தில் ஒன்று, அதற்குள் ஒரு பல்பு போட்டுக் கிறிஸ்துமசுக்கு வாசலில் தொங்கவிடலாம் போல இருந்ததால் விளக்கு. அந்தப் பரீட்சையில் அவனுக்கு நூற்றுக்கு நூறு. அப்போதும் யார் செய்தது என்று அவன் சொல்லவில்லை, பரீட்சையாச்சே, சொல்ல முடியாதுதான். அவளே அதற்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அரிசி களைய எழுந்து போனாள். இப்போது நினைத்தால் அன்றைக்கே அடுப்பில் தண்ணியை ஊற்றிவிட்டு, யாருல செஞ்சது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கிற பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாததைக் கேட்க அறுபத்திரண்டு வயசு ஆகியிருக்கிறது.

ஆனால் உருவம் செய்து கொடுத்ததற்காக இந்தக் கோபம் இல்லை. அட்டை வெட்டுவதை யாரும் வெட்டலாம். ஏன் அஞ்சு? அதுதான். அந்தக் கேள்வி அவளுடையது. அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. புத்தகத்தில் அஞ்சு என்று போட்டிருந்தது, ஏன் ஆறாவது இல்லை என்று போடவில்லை, போட்டிருந்தாலும் அந்த எழுத்து அவளுக்குப் புரிகிற எழுத்தாக இல்லை. எட்டாங்கிளாசோடு நின்றவள். தீபாவளி ஆர்டர் முடிந்து, அடைமழை பிடித்து, கடைக்காரர் அட்டை அனுப்பாத மூணு வாரம். அப்போதுதான் ஆறாவதைத் தேடினாள். முதலில் செய்தது அந்த ரெட்டைப் பொட்டலம். ரெண்டு பொட்டலத்தை அடியோடு அடி சேர்த்து ஒட்டினாள், ஆறு முக்கோணம், எல்லாம் ஒரே அளவு. யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் ரோஸ் கலர் அட்டை, ஒரு முகத்தில் தங்க எழுத்தில் 'நல்வரவு' என்று இருக்கும். செய்து முடித்ததும் தேகமெல்லாம் ஒரு சிலிர்ப்பு. படிச்சவன் அஞ்சு என்கிறான், நான் ஆறாவதை நிறுத்திவிட்டேனே! அடுப்படியில் தனியாக நின்று சிரித்தாள். ராத்திரி வரைக்கும் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். உருட்ட உருட்ட விரல் முரண்டியது. மற்ற அஞ்சையும் கண்ணை மூடிக்கொண்டு எந்த முனையில் பிடித்தாலும் ஒரே பிடி, இந்த முனையா அந்த முனையா என்று சொல்ல முடியாது. இது அப்படி இல்லை. மேல்முனையிலும் கீழ்முனையிலும் மூணு அட்டை கூடுகிறது, நடுவில் இருக்கிற மூணு முனையிலும் நாலு நாலு கூடுகிறது. ரெண்டு முனைக்கு ஒரு நியாயம், மூணு முனைக்கு ஒரு நியாயம். முகமெல்லாம் ஒரே அளவு என்று காட்டிக்கொண்டு முனையில் போய் ஓரவஞ்சனை. பொய், என்று அதை டப்பாவில் போட்டாள். ஆனால் தூரப் போட மனசு வரவில்லை. அதுதானே வழி காட்டியது. முகத்தைப் பார்க்காதே, முனையைப் பார், என்று அதுதான் சொன்னது.

அப்புறம் முனையைப் பார்த்தாள். ரெண்டு அட்டை மட்டும் சேர்ந்தால் புத்தகம்போல விரிந்து மூடும், உள்ளே ஒன்றையும் வைக்க முடியாது, ஆகவே ஒரு முனைக்குக் குறைந்தது மூணு வேண்டும். முக்கோணத்தில் மூணு சேர்த்தால் பொட்டலம், நாலு சேர்த்தால் பம்பரம், அஞ்சு சேர்த்தால் நெல்லிக்காய், ஆறு சேர்த்தால் அப்பளம்போலத் தரையோடு தரையாகப் படுத்துவிடும், எழும்பவே எழும்பாது. சதுரத்தில் மூணு சேர்த்தால் பெட்டி, நாலு சேர்த்தால் கோயில் தரைக்கல் மாதிரி தட்டை. ஐங்கோணத்தில் மூணு சேர்த்தால் விளக்கு, நாலாவதுக்கு இடமே இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆறு பக்கம் உள்ளதில் மூணு சேர்த்தால் தேன்கூடு, அதுவும் படுத்துவிடும். ஏழு பக்கத்துக்குப் போனால் மூணே அடங்காது. முடிந்தது. கதவு சாத்தியாயிற்று. அஞ்சுக்கு மேல் இல்லை, இந்த ஊரிலும் இல்லை, எந்த ஊரிலும் இல்லை, ஆண்டவர் நினைத்தாலும், மன்னித்துக்கொள்ளும் ஆண்டவரே, இல்லை. அன்றைக்கு மழை விட்டிருந்தது. அவள் பசைக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழுதாள். பாக்கு வெட்டுகிற சத்தம் மாதிரி உள்ளே ஏதோ 'டக்'கென்று பொருந்தியிருந்தது, அதற்குத்தான். புருசன் செத்து நாலாம் வருசம் அது. அந்த நாலு வருசத்தில் அவள் தனக்கென்று அழுதது அன்றைக்குத்தான்.

ஐங்கோணம் கூட அவளுடையதுதானே. படத்தை வைத்து வரைந்தால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். ஒரு குருத்தோலை ஞாயிறு, இதே பெஞ்சு, இதே மின்விசிறி, கையில் குருத்தோலை. எல்லாரும் சிலுவை மடித்துக்கொண்டிருந்தார்கள், அவள் பிரசங்கத்தைக் கேட்டபடி ஓலைக்கு ஒரு முடிச்சு போட்டு, கசங்காமல் மெதுவாக இறுக்கி, தொடையில் வைத்துத் தட்டையாக அமுக்கினாள். குனிந்து பார்த்தால் ஐங்கோணம். அஞ்சு பக்கமும் ஒரே அளவு. பக்கத்தில் இருந்த வயலட்டிடம் காட்டினாள். "என்ன மைனி, பிள்ளையளுக்குக் கம்மல் மாதிரி செஞ்சு வச்சிருக்கிய" என்றாள் வயலட். வீட்டுக்குப் போய்க் காகித நாடாவில் போட்டாள், அதிலும் ஐங்கோணம். நாடாவின் அகலத்தைக் கூட்டினால் பெரிசு, குறைத்தால் சிறிசு. கோணமானியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஒரு முடிச்சு. இதை எல்லாம் ஒருநாள் கிருபாகரனிடம் சொன்னாள். அவன் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முனையாக விரித்துக் காட்டினாள், படுத்துவிடுகிற ஆறு முக்கோணத்தையும் காட்டினாள், ஏறிக்கொள்கிற ஐங்கோணத்தையும் காட்டினாள். அவன் தலையைத் தூக்காமல் சொன்னான், "அதெல்லாம் ரெண்டாயிரத்து ஐநூறு வருசத்துக்கு முந்தியே கண்டுபிடிச்சாச்சும்மா. கிரேக்க தேசத்துல. காப்பி இருக்கா?" காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரைகூடச் சரியாகத்தான் போட்டாள். ரெண்டு வருசம் கழித்துப் பத்திரிகையில் படம் வந்தது. மேசைமேல் அஞ்சு உருவம், பக்கத்தில் அவன். கீழே: கோணமானி இல்லாமல், சூத்திரம் இல்லாமல், பசையும் அட்டையும் கொண்டு ஏன் ஐந்துதான் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிய வைக்கும் புதிய முறை. 'ஒருநாள் குருத்தோலையை முடிச்சிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த யோசனை தோன்றியது.' குருத்தோலையைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசி வரி: 'என் தாயார் அதிகம் படிக்காதவர். ஆனால் அவருடைய ஜெபம்தான் என்னை இந்த நிலைக்கு உயர்த்தியது.'

ஜெபம். அந்த வார்த்தையைப் பதினோரு தடவை வாசித்தாள், பதினோரு தடவையும் கண்ணில் மிளகாய்த்தூள் பட்டதுபோல இருந்தது. ஜெபம் பண்ணினாள்தான். விடியற்காலம் நாலரைக்கு எழுந்து, பிள்ளைகள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி, முட்டி தேய ஜெபம் பண்ணினாள். அது ஆண்டவருக்கும் அவளுக்கும். அதைக் கொண்டுவந்து பேப்பரில் போட்டு, இவன் திருடினதற்கு மூடியாகவா கவிழ்ப்பது? திருடினது என்ற வார்த்தை வந்ததும் திக்கென்றது. பெத்த பிள்ளையைத் திருடன் என்கிறாயே. வேறென்ன சொல்ல? எடுத்துக்கொண்டது? கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளே, மொத்தமாக வாரிக் கொடுத்திருப்பாளே. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் கெசியாவிடம் போனில் சொன்னபோது அவள், "விடுங்கம்மா, வேத்தாளா, அண்ணன்தான" என்றாள். வேத்தாளாக இருந்தால் இவ்வளவு கோபம் வராதே! அவனிடமே கேட்டாள், ஒரே ஒரு தடவை. அவன் நிஜமாகவே திகைத்துப்போனான். "உங்கள நல்லாத்தானம்மா சொல்லியிருக்கேன். ஜெபம்னு போட்டிருக்கேம்லா." அந்தத் திகைப்புதான் தாங்க முடியாதது. கள்ளத்தனம் இருந்தால் பிடித்து உலுக்கலாம். அவன் மனசுக்குள்ளே அந்தக் குருத்தோலை நிஜமாகவே அவன் கைக்கு மாறிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பாராட்டுக் கூட்டத்தில் அவளை முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். அவன் ஒலிபெருக்கி முன்னால் நின்று, கிரேக்க ஞானி ஒருத்தர் நெருப்புக்குப் பொட்டலத்தையும், மண்ணுக்குப் பெட்டியையும், காற்றுக்குப் பம்பரத்தையும், தண்ணீருக்கு நெல்லிக்காயையும் ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டு முகத்தை வானத்துக்குக் கொடுத்தார் என்று சொன்னான். அதற்கும் வெகுகாலம் முந்தி, வடக்கே ஒரு குளிர்தேசத்தில், கைக்கு அடக்கமான கல் உருண்டைகளில் யாரோ இதே மாதிரிக் குமிழ்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றும், சிலர் அதைத்தான் முதல் என்று சொல்கிறார்கள் என்றும் சொன்னான். "செஞ்சது யாருன்னு தெரியாது" என்று சிரித்தான், கூட்டமும் சிரித்தது. எப்படித் தெரியும்? அந்தக் கல்லைச் செதுக்கினவளும் ஒரு வாத்தியாருக்குத் தாயாக இருந்திருப்பாள். குளிரில் கையில் கல்லை வைத்து உருட்டி உருட்டி, முனைக்கு முனை விரலால் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருப்பாள். மகன் வந்து, அம்மா சாப்பாடு ஆச்சா என்று கேட்டிருப்பான். யார் முதலில் என்று ஒரு சண்டையா? உப்பளத்துக் கல்லுப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார், குட்டிக் குட்டிப் பெட்டி. படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து நூலைத் தொங்கவிட்டால் நாலாம் நாள் பம்பரம் முளைக்கிறது. முதலில் செய்தவர் ஆண்டவர். அப்புறம் அந்தக் கல்லுக்காரி. அப்புறம் கிரேக்கர். அப்புறம், எவ்வளவோ பின்னால், எவ்வளவோ பேருக்குப் பின்னால், அடைமழையில், அடுப்படியில், ரத்தினபாய். நான்தான் கண்டுபிடித்தேன் என்று அவள் எங்கே சொன்னாள்? நானும் கண்டுபிடித்தேன். அந்த ஒரு 'உம்'மைக்கூட அவனுக்கு விட மனசில்லையே.

சட்டென்று சபை அசைந்தது. குருவானவர் பீடத்தைவிட்டு இறங்கி முக்காலிக்கு வந்திருந்தார். நல்ல மனுசர், புதிசாக மாற்றலாகி வந்தவர், கையில் எது கிடைத்தாலும் அதை வைத்து ஒரு பிரசங்கம் செய்துவிடுவார். போன மாசம் ஒரு முருங்கைக்காயை வைத்து இருபது நிமிசம். தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டினார். "நம்ம சகோதரர் கிருபாகரன் படைத்த காணிக்கையைப் பாருங்கள். எத்தனை இருக்கிறது? ஒன்று, ரெண்டு, மூணு..." ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து எண்ணின. "...ஆறு! தேவன் எத்தனை நாளில் உலகத்தைப் படைத்தார்? ஆறு நாள்! உலகத்தில் ஒழுங்கான உருவங்கள் எத்தனை? ஆறு!" என்று அவர் ரோஸ் அட்டையை விரலிடுக்கில் உயரப் பிடித்தார். தங்க எழுத்தில் நல்வரவு மின்னியது. ரத்தினபாய் பெஞ்சு விளிம்புக்கு நகர்ந்தாள். ஐயோ, அது இல்லையே! அவள் பொய் என்று தூரவைத்ததை, நேற்றுச் சாயங்காலம் அவசர அவசரமாக வந்து டப்பாவோடு தூக்கிக்கொண்டு போனவன் எண்ணிப் பார்க்காமல் கொட்டியிருக்கிறான். விருது வாங்கின அஞ்சும் பள்ளிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன, அதனால்தான் வீட்டில் கிடந்த அவளுடைய பழைய அஞ்சை எடுக்க வந்தான். எழுந்து சொல்லுல, என்று அவள் அவன் முதுகைப் பார்த்தாள். அஞ்சுதான் ஐயா என்று சொல். நீ வாத்தியார். உனக்கு விருதே அதற்குத்தானே. கிருபாகரனின் இடதுகாது மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. சின்ன வயசில் பால் ஏட்டைத் தின்றுவிட்டுப் பூனை என்று சொன்னபோது சிவந்த அதே காது. அவனுக்குத் தெரிகிறது. தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து அஞ்சு என்றால், ஆறாவது எப்படி வந்தது என்று கேட்பார்கள். அது அம்மா செய்தது என்றால், அப்போ மற்றது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து உலகத்தில் ஆறு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆறு என்று எழுதும். "இதற்கெல்லாம் பின்னால் இருப்பது என்ன? ஒரு தாயின் ஜெபம்!" என்றார் குருவானவர். சபை மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்துப் புன்னகைத்தது. வயலட் முழங்கையால் இடித்தாள். "குடுத்து வச்சவ மைனி நீங்க." ரத்தினபாய் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். 

விசுவாசப்பிரமாணம் சொன்னார்கள், அவள் வாயும் சொன்னது. அறிவிப்புகள் வாசித்தார்கள். அப்புறம் சமாதானம். பீடத்திலிருந்து கைக்குக் கை வருகிற சமாதானம். குருவானவர் கமிட்டிக்காரர் ரெண்டு பேருக்குக் கொடுப்பார், ஒருத்தர் ஆண்கள் பக்கம், ஒருத்தர் பெண்கள் பக்கம் இறங்கி ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் இருக்கிறவருக்குக் கொடுப்பார், அவர் பக்கத்தாருக்கு, அவர் அடுத்தவருக்கு. பெண்கள் பக்கம் இறங்கி வந்தவன் கிருபாகரன். ஒன்று, ரெண்டு, மூணு பெஞ்சு. அவள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருசத்தில் இந்தக் கையை நீட்ட யோசித்ததே இல்லை. அவன் வந்து நின்று கையை நீட்டினான். பெரிய கை, சுண்ணாம்புக்கட்டி பிடித்துப் பிடித்து நுனி வெளுத்த விரல்கள். அவள் வைத்தாள். "சமாதானம் உண்டாவதாக" என்றான். அவள், "ஆறு இல்லல" என்றாள். "தெரியும்மா. டப்பாவோட சேந்து வந்துட்டு. பெறகு ஐயாகிட்ட சொல்லிக்கிடுதேன்." "என்னன்னு?" "ஆறு இல்ல, அஞ்சுன்னு." அவள் கையை எடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று இருந்தாள். வரவில்லை. பின்பெஞ்சு கிழவி ஒருத்தி தொண்டையைச் செருமினாள், அவன் கையை உருவிக்கொண்டு ஆறாவது பெஞ்சுக்கு நகர்ந்தான். இந்தப் பக்கம் வயலட் ரெண்டு கையையும் ஏந்திக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு அப்புறம் அஞ்சு பேர். "தாங்க மைனி." ரத்தினபாய் தன் வெறும் கையைப் பார்த்தாள். "எங்கிட்ட இல்ல, வயலட்." "எது இல்ல?" "சமாதானம் இல்ல." வயலட் காரியக்காரி. பின்பெஞ்சுக்குத் திரும்பி அங்கிருந்து வாங்கி, தன் வரிசைக்கு அவளே கொடுத்து முடித்தாள்.

காணிக்கைப் பாட்டு, அப்பம், பாத்திரம், நீண்ட ஜெபம். பெஞ்சு பெஞ்சாக எழுந்து போக ஆரம்பித்தார்கள். கமிட்டிக்காரர்கள் முதலில் வாங்கிவிட்டு வழிவிட நின்றார்கள். ரத்தினபாய் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். எழும்பு, என்றது ஒரு மனசு. முழுங்கு. எத்தனையோ முழுங்கியாச்சு, மாமியார் சொன்னதை, கடைக்காரர் அட்டை வீணானது என்று கூலியில் கழித்ததை, புருசன் குடித்ததை, எல்லாவற்றையும் முழுங்கிவிட்டு இந்தப் படியேறி முழங்கால் போட்டிருக்கிறாய், இதுவும் ஒரு வாய்தானே. முழுங்கி முழுங்கித்தான் ஜெபத்தாய் என்று பேர் வாங்கினாய். அந்தப் பேரைக் கேட்டதும் இன்னொரு மனசு முதுகை விறைத்தது. கோபத்தோடு மேசைக்குப் போவது பாவம் என்றால், கோபம் இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டு போவது அதைவிடப் பெரிய பாவம் இல்லையா? இத்தனை வருசம் அதைத்தானே செய்தாள்? முகமெல்லாம் ஒரே அளவு என்று காட்டிக்கொண்டு, முனையில் ஒரு கணக்காக. மூணாவது பெஞ்சு போயிற்று. நாலாவது. "எந்திரிங்க மைனி, நம்ம பெஞ்சு." ரத்தினபாய் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். "நீ போ. எனக்குக் கோபமா இருக்கு." அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை, நாக்குக்கு அது புளியங்கொட்டை மாதிரி இருந்தது. "யார்மேல? ஐயா மேலயா? முருங்கைக்கா சொன்னவரு மேலயா?" என்று வயலட் குசுகுசுத்தாள். "போ வயலட்." ஆறுபேர் அவள் முழங்காலை இடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். ஐந்தாவது பெஞ்சில் அவள் தனியாக இருந்தாள். நாலு பக்கத்திலிருந்தும் பார்வைகள் வந்து மேலே ஒட்டின. முதுகில் பசை தடவின மாதிரி. வரப்புத் தகராறு அண்ணன்கூட அங்கிருந்து எட்டிப் பார்த்தார், தன் ஜாதியில் ஒரு ஆள் கூடிவிட்டதே என்பது போல. பயமாக இருந்தது. ஆனாலும் எழும்பவில்லை.

கிருபாகரன் பார்த்துவிட்டான். நின்ற இடத்திலிருந்து அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மறுபடியும் பார்த்தான். அப்புறம் முக்காலிக்குப் போய்த் தாம்பாளத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு நடைபாதையில் இறங்கி வந்தான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாறான், சொல்லப்போறான். பக்கத்தில் வந்து குனிந்தான். வேர்வை வாசம், சட்டைக் கஞ்சி வாசம், அதற்கடியில் அவளுக்கு மட்டும் தெரிகிற அவனுடைய பழைய பிள்ளை வாசம். ரோஸ் அட்டையை அவள் மடியில் வைத்தான். "இதுக்குத்தான சங்கடப்படுதிய? தாம்பாளத்துல இப்ப அஞ்சுதான் இருக்கு. இது உங்களோடது, மாறி வந்துட்டு. எந்திரிங்கம்மா, எல்லாரும் பாக்காங்க." மடியில் கிடந்தது அது. நல்வரவு. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, தப்பாய்ப்போன ஒன்றை மட்டும் பார்த்து உங்களோடது என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். பீடத்துப் பக்கம் பாட்டு உச்சத்தில் இருந்தது. அதற்கு மேலே அவன் காதில் விழட்டும் என்று அவள் தொண்டையை உயர்த்திக் கேட்டாள்.

"மத்த அஞ்சும் யாரோடதுல?"

கேட்கவும் பாட்டின் கடைசி அடி முடியவும் சரியாக இருந்தது. கீபோர்டும் நின்றது. மின்விசிறி கடகடத்தது. கேள்வி கோயில் முழுக்கப் போய், மேற்குச் சுவரில் பட்டு, திரும்பி வந்து அவர்கள் ரெண்டுபேர் நடுவில் நின்றது. பாடகர் குழுவில் யாரோ பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டார்கள். கிருபாகரன் குனிந்தபடியே இருந்தான், காது ரெண்டும் சிவந்து, நாற்பது வயசு மனுசன், மீசையில் ரெண்டு நரை. "உங்களோடதும்மா" என்றான், மூச்சுக்குள். "எனக்குத் தெரியும்ல அது" என்றாள். பீடத்திலிருந்து குருவானவர், எப்போதும் கேட்கிறபடி, ஒன்றும் விளங்காமல், "இன்னும் யாரும் வரவேண்டியிருக்கிறதா?" என்றார். ரத்தினபாய் ரோஸ் அட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மகன் வழியை அடைத்துக்கொண்டு நின்றான், கையால் ஒதுக்கினாள். ஒதுங்கினான். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது, வகுப்பில் பேசுகிற குரல் இல்லை, உடைந்த, சின்னக் குரல். "ஐயா, ஒரு நிமிசம். அது ஆறு இல்ல. அஞ்சுதான். ஏன் அஞ்சுன்னு..." நின்றான். யாரோ இருமினார்கள். "ஏன் அஞ்சுன்னு எனக்குச் சொன்னது..." அவள் திரும்பவில்லை. முடிக்கிறானா என்று நின்று கேட்கவும் இல்லை, முடிக்கட்டும், அது அவன் பாடு. கோபம் அப்படியேதான் இருந்தது, அதையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். முக்காலியைத் தாண்டும்போது கண் தானாக எண்ணியது. பொட்டலம், பெட்டி, பம்பரம், நெல்லிக்காய், விளக்கு. படியில் முழங்காலிட்டு, வலதுகையை இடதுகைமேல் வைத்து ஏந்தினாள். நகக்கண்ணில் எத்தனை கழுவியும் போகாத மைதாப் பசை வெள்ளையாக இருந்தது.